இணைய வழியும் அதன் காவலரும்

ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் தொழில் நடத்தி வந்தார். இளமையிற் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; உள்நாட்டுப் போரிற் போர்வீரராக நின்றவர்; பின்னாளில், இறந்தோரை அடக்கஞ் செய்வதற்கு வேண்டிய பெட்டி, வண்டி முதலிய ஒழுங்குகளைச் செய்து கொடுப்பதைத் தொழிலாக மேற்கொண்டவர். அவருடைய தொழில் காரணமின்றிச் சரியத் தொடங்கிற்று. ஊரிற் சாவுகள் குறையவில்லை; அவரைத் தேடி வருவோர்தாம் குறைந்தனர். அக்காலத்தில் ஒருவரோடு தொலைபேசியிற் பேச விரும்பினால், இணைப்பகத்தில் இருக்கும் பெண்ணிடம் பெயரைச் சொல்ல வேண்டும்; அவள் கம்பியைச் செருகி இணைத்து விடுவாள். ஸ்ட்ரோஜரின் ஊரில் அந்த ஆசனத்தில் இருந்தவள், அவருடைய தொழிற் போட்டியாளர் ஒருவரின் மனைவி என்றும், ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளை அவள் தன் கணவனுக்கே திருப்பி விட்டாள் என்றும் சொல்லப்படுகிறது.

இக்கதை காலப்போக்கிற் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் அதன் முடிவு உறுதியான வரலாறு. இடையில் ஒருவரும் இல்லாமல், அழைப்பவர் தாமே தமக்கு வேண்டியவரை இணைத்துக் கொள்ளத்தக்க பொறி ஒன்றை ஸ்ட்ரோஜர் உருவாக்கி, 1891 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். 1892 இல், இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்னும் பட்டினத்தில், அவருடைய முறையில் அமைந்த முதலாவது தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. அந்தப் பொறிக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்குரியவரிடம் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். அவர் யார், அவருடைய தொழில் யாது, அவருக்குப் போட்டியாளர் எவர் என்பனவெல்லாம் அதற்குத் தெரியா. தெரியாதிருப்பதே அதன் சிறப்பு.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றுவிட்ட பின்னர், அதே கேள்வி வேறோர் உருவில் மீண்டும் எழுந்திருக்கிறது. இன்று வீட்டுக்கும் உலகுக்கும் இடையே நிற்பது இணையச் சேவை வழங்கும் நிறுவனம். கைத்தொலைபேசியில் ஒருவர் எந்தத் தளத்தைத் திறந்தாலும், எந்தப் பாடத்தைக் கேட்டாலும், எவருக்குப் பணம் அனுப்பினாலும், அது அந்த நிறுவனத்தின் கம்பியின் வழியாக அல்லது கோபுரத்தின் வழியாகவே செல்ல வேண்டும். அந்நிறுவனம் தனக்கு வேண்டியவரின் தளத்தை விரைவாகவும் வேண்டாதவரின் தளத்தை மெதுவாகவும் கொடுக்கலாமா? ஒன்றுக்குக் கட்டணமும் மற்றொன்றுக்கு இலவசமும் வைக்கலாமா? சிலவற்றை அடியோடு அடைத்து விடலாமா? கூடாது, எல்லாவற்றையும் ஒரே தன்மையாகவே கொண்டுபோக வேண்டும் என்னும் கொள்கைக்கு இணைய நடுநிலைமை என்று பெயர். ஆங்கிலத்தில் இப்பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் டிம் வூ என்னும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், ஆண்டு 2003.

பெயர் புதிதாயினும் கொள்கை பழையது. சத்திரக்காரன், ஓடக்காரன், சுமை வண்டிக்காரன் ஆகியோர் பொதுமக்களுக்குத் தொழில் செய்வதாகக் கடைவிரித்த பின்னர், நியாயமான கூலி கொடுக்க முன்வரும் எவரையும் வேண்டாமென்று திருப்பியனுப்ப முடியாது என்பது இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டம். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகை அறிந்த நேயர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. நாகபூசணி அம்மனைத் தொழச் செல்பவரும் நாகதீப விகாரையை வழிபடச் செல்பவரும் ஒரே பலகையில் அமர்ந்து கடலைக் கடக்கிறார்கள். படகோட்டிக்கு வேண்டியது கூலி. எந்த வாசலுக்குப் போகிறீர் என்று அவர் கேட்பதில்லை. அமெரிக்காவிற் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் தந்தியால் இணைப்பதற்கு 1860 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் இதனையே விதித்தது. எவரிடமிருந்து வரும் செய்தியாயினும், வந்து சேர்ந்த ஒழுங்கிலே பாரபட்சமின்றி அனுப்பப்படல் வேண்டும் என்பது அதன் விதி. அரசாங்கத்தின் செய்திகளுக்கு மாத்திரம் அதில் முன்னுரிமை வைக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் தனக்கென ஒரு தனி வாயிலை அன்றே திறந்து வைத்துக்கொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த வாயிலுக்குப் பின்னர் வரவேண்டியிருக்கும்.

இணையம் தொழிற்படும் விதத்தையும் சிறிது பார்க்கலாம். வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தாய் அனுப்பும் ஒளிப்படம் ஒரே பொட்டலமாகப் போவதில்லை. அது சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் முகவரி எழுதப்பட்டு, கிடைத்த வழியாற் சென்று, மறுமுனையில் மீண்டும் ஒன்றுசேர்கிறது. இடைவழியில் நிற்கும் கருவிகள் முகவரியைப் பார்த்து அடுத்த கருவிக்குத் தள்ளிவிடுவன. உள்ளே இருப்பது படமா, பாட்டா, வழக்கறிஞரின் கடிதமா என்று ஆராய்வது தொடக்கத்தில் அவற்றின் வேலையன்று. இந்த எளிமையினால் விளைந்த நன்மை பெரிது. சுவிற்சர்லாந்திலுள்ள அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த டிம் பேர்னர்ஸ்-லீ, 1989 ஆம் ஆண்டில் உலகளாவிய வலை என்னும் திட்டத்தை வரைந்தபோது, எந்தத் தொலைபேசிக் கம்பனியின் வாசலிலும் போய் அனுமதிக்குக் காத்து நிற்கவில்லை. அவ்வாறு காத்து நிற்க வேண்டியிருந்தால், அக்கம்பனிகளின் உத்தியோகத்தர்கள் அத்திட்டத்திலே என்ன இலாபத்தைக் கண்டிருப்பார்கள்? புதியதொன்றைச் செய்ய விரும்புவோன் வழிக்காரனின் தயவை வேண்டி நிற்க வேண்டியதில்லை என்பதே இணையத்தின் வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது.

கருவிகளின் ஆற்றல் வளர, துண்டுகளின் உட்பொருளை உளவு பார்ப்பதும் இயலக்கூடியதாயிற்று. இயன்றதைச் செய்து பார்க்கும் ஆசையும் உடன் வந்தது. வட கரோலினா மாநிலத்தில் தொலைபேசிச் சேவையும் இணையச் சேவையும் நடத்திய சிறிய கம்பனி ஒன்று, இணையத்தின் வழியே மலிவாகப் பேச உதவும் போட்டிச் சேவையை அடைத்து வைத்தது. 2005 இல் 15,000 டொலர் செலுத்தி அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதனினும் நுட்பமானது 2007 இல் வெளிப்பட்ட கொம்காஸ்ட் கம்பனியின் செயல். தன் வாடிக்கையாளர் சிலர் கோப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை கம்பிகளை நெருக்குகிறதென்று கருதிய அக்கம்பனி, அவர்களுடைய இணைப்பை வெளிப்படையாகத் துண்டிக்கவில்லை. இரு முனைகளிலும் இருந்த கணினிகளுக்கு, மற்றவர் இணைப்பை முடித்துக்கொண்டார் என்று சொல்லும் போலித் துண்டுகளைத் தானே எழுதி அனுப்பிற்று. ஒரு செய்தி நிறுவனத்தார் சோதனைக்காக ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தை அனுப்பிப் பார்த்தனர்; அதுவும் தடைப்பட்டது. நெருக்கடி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் தபாற்காரன் சுமை தாங்க முடியவில்லை என்று சொல்வது ஒன்று. அனுப்பியவரின் கையெழுத்தைப் போலச் செய்து, இனி எழுதமாட்டேன் என்று பெறுபவருக்குக் கடிதம் எழுதுவது வேறொன்று.

அமெரிக்காவில் இவ்விடயத்துக்கு நேர்ந்த கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு என்று ஐவர் கொண்ட சபை உண்டு. 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொலைபேசி, எல்லோருக்கும் பொதுவான சேவை. இணையமும் அவ்வகையைச் சேர்ந்ததா என்பதே வழக்கு. 2010 இல் ஆணைக்குழு வகுத்த விதிகளிற் பெரும்பகுதியை 2014 இல் நீதிமன்றம் தள்ளிற்று. 2015 இல் மூவருக்கு இருவர் என்ற வாக்கினால் இணையம் பொதுச் சேவையாக்கப்பட்டது. 2017 இல் அதே மூவருக்கு இருவர் என்ற வாக்கினால் அது நீக்கப்பட்டது. 2024 இல், மீண்டும் மூவருக்கு இருவர், விதி திரும்பிற்று. 2025 சனவரி 2 ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், இப்படி வகைப்படுத்தும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இல்லை என்று தீர்ப்பளித்து அதனை வீழ்த்திற்று. ஜனாதிபதி மாறுந்தோறும் அணி மாறும் ஐவரின் கையுயர்த்தலில் ஒரு நாட்டின் பொது வழி தொங்கிக்கொண்டிருந்தது. இடையில், கலிபோர்னியா மாநிலம் 2018 இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. விதி நீக்கப்பட்ட காலத்தில் இணையம் அழிந்துவிடும் என்று சிலர் எழுப்பிய கூக்குரல் மெய்ப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பனிகள் அடங்கியே நடந்துகொண்டன. மாநிலச் சட்டங்களும், வழக்குகளும், மக்களின் விழித்த கண்களும் அதற்குக் காரணமாயிருந்திருக்கலாம்; நல்ல எண்ணமே காரணம் என்று கொள்வது மிகையான நம்பிக்கையாகும்.

சேவை வழங்கும் நிறுவனங்களின் பக்கத்தில் நியாயம் இல்லையோ எனின், உண்டு. கடலடியிற் கம்பி இடுவதும் மலைமேற் கோபுரம் எழுப்புவதும் பெருஞ் செலவு. அந்தக் கம்பியில் ஓடுவதிற் பெரும்பகுதி, திரைப்படமும் நிகழ்படமும் வழங்கும் சில பெரிய கம்பனிகளின் சரக்கு. பாரவண்டி பாதையைத் தேய்க்கிறது. அதனிடம் கூடுதல் வரி கேட்டால் என்ன பிழை என்பது அவர்கள் வாதம். செவிக்கு இனிய வாதமே. ஆனால் அந்தத் திரைப்படத்தை வேண்டிப் பெறுபவர் வீட்டிலிருக்கும் வாடிக்கையாளர். அவர் அதற்காகவே மாதந்தோறும் சேவை நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். ஒரே சுமைக்கு ஏற்றுமிடத்திலும் கூலி, இறக்குமிடத்திலும் கூலி என்றால், பெரிய கம்பனி எப்படியோ கொடுத்துவிடும். நேற்றுத் தொடங்கிய சிறியவன் கொடுக்கமாட்டான். தென்கொரியாவில், சரக்கை அனுப்பும் பக்கத்தாரிடம் வலையமைப்புக் கட்டணம் கேட்கும் வழக்கம் உண்டு. விளையாட்டு நிகழ்படங்களை ஒளிபரப்பும் ட்விச் என்னும் பெரிய சேவையே, அக்கட்டணம் தாங்கொணாதது என்று சொல்லி, 2024 பெப்ரவரியில் அந்நாட்டிலிருந்து வெளியேறிற்று.

நெரிசற் காலத்தில் ஒழுங்குபடுத்துவது குற்றமன்று. சத்திரசிகிச்சைக்குரிய செய்தியும் சிரிப்புப் படமும் ஒரே அவசரமுடையன என்று எவரும் வாதிடமாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இயற்றி 2016 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, தொழில்நுட்பத் தேவை பற்றிய நியாயமான ஒழுங்குபடுத்தலுக்கு இடம் விட்டிருக்கிறது. நெரிசலில் எல்லாத் திரைப்படங்களையும் ஒருங்கே மெதுவாக்குவது ஒழுங்கு. தன் உறவுக் கம்பனியின் படத்தை ஓடவிட்டு, போட்டியாளரின் படத்தை மாத்திரம் முடக்குவது ஸ்ட்ரோஜரின் ஊர்ப் பெண் செய்ததாகச் சொல்லப்படுவது.

இனி அண்டை நாட்டுக்கு வரலாம்; இவ்விடயத்தில் உலகமே கவனித்த தீர்ப்பு அங்கேதான் வழங்கப்பட்டது. 2014 டிசெம்பரில், எயார்டெல் நிறுவனம் இணையத்தின் வழியே பேசுவதற்குத் தனிக் கட்டணம் அறவிடப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களிற் கைவிட்டது. 2015 மார்ச்சில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களும் இருபது வினாக்களும் கொண்ட கலந்துரையாடல் ஏடொன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இத்தகைய ஏடுகளை வாசிப்போர் வழக்கறிஞரும் கம்பனிக் கணக்கரும் மாத்திரமே என்பது பொதுவான அனுபவம். அம்முறை நடந்தது வேறு. இளைஞர் சிலர் அதனை எளிய மொழியில் விளக்கி எழுதினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மின்னஞ்சலில் ஆணையத்துக்கு வந்து குவிந்தன. தளத்துக்குரியவர் பணம் செலுத்தினால் வாடிக்கையாளருக்கு அத்தளம் இலவசம் என்னும் எயார்டெலின் மற்றொரு திட்டத்திற் சேர இருந்த பிளிப்கார்ட் என்னும் வணிக நிறுவனம், அவ்வேளையில் விலகிக்கொண்டது.

அடுத்து வந்தது கடினமான சோதனை. அது இலவசம் என்னும் நல்ல பெயரோடு வந்தது. பேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 2015 பெப்ரவரியில் இந்தியாவில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர் அதற்கு ஃபிரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறிற்று. தரவுக்குப் பணம் கொடுக்க வசதியற்றவர், வானிலை, சுகாதாரம், வேலைவாய்ப்பு, விக்கிபீடியா, கூடவே பேஸ்புக் எனத் தெரிந்தெடுத்த சில சேவைகளைக் காசின்றிப் பார்க்கலாம். மற்றவை வேண்டுமாயின் பணம். தங்கள் தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு இசையும் எந்தத் தளமும் சேரலாம், எவரிடமும் கூலி வாங்குவதில்லை என்று நிறுவனம் சொல்லிற்று. அந்நிபந்தனைகளை வகுப்பவர் யார், நாளைக்கு மாற்றுபவர் யார் என்ற வினாவுக்கு ஒரே விடைதான் இருந்தது.

இத்திட்டத்துக்காகச் செய்யப்பட்ட பிரசாரமும் சிறிதன்று. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம். தெருக்களிற் பெரும் பலகைகள். பேஸ்புக்கைத் திறந்தால், ஆணையத்துக்கு ஆதரவுக் கடிதம் அனுப்ப ஒரு பொத்தான். ஆயத்தமாக எழுதப்பட்ட அதே கடிதம் இலட்சக்கணக்கிற் போய்ச் சேர்ந்தது. ஆணையம் கேட்ட வினாக்களுக்கு அதில் விடை இல்லை என்று ஆணையமே குறைபட்டுக்கொண்டது. ஆளைக் கூட்டிக் கைதட்ட வைப்பது வேறு, சாட்சி சொல்வது வேறு என்பதை அந்த உத்தியோகத்தர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பேஸ்புக்கின் தலைவர் மார்க் சுக்கர்பேர்க், 2015 டிசெம்பர் இறுதியில் இந்திய ஆங்கில நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் நூல்நிலையத்தை உவமையாகக் காட்டினார். நூல்நிலையத்தில் எல்லாப் புத்தகமும் இல்லை. ஆயினும் அது நன்மையே செய்கிறது. பொது மருத்துவமனையில் எல்லாச் சிகிச்சையும் இல்லை. ஆயினும் உயிரைக் காக்கிறது. அதுபோலவே இதுவும் என்பது அவர் கருத்து. இவ்வுவமை மேலோட்டமாகப் பார்ப்போரை மயக்க வல்லது; ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைச் சிறிது நின்று ஆராய்வர். நூல்நிலையத்தின் அடுக்கில் ஒரு நூலை வைப்பவர் அந்நூலை விற்கும் வணிகர் அல்லர். எந்த வாசகர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்து, அதனை விளம்பரக்காரருக்கு விலையாக்குவதும் நூலகரின் தொழிலன்று. எல்லாவற்றிலும் மேலாக, நூல்நிலையத்துக்கு வந்து பழகிய மாணவன், இதற்கு அப்பாலும் நூல்கள் உள என்பதை அறிந்துகொண்டு வெளியேறுகிறான். நூலின் அடிக்குறிப்பு ஒவ்வொன்றும் வேறொரு நூலைச் சுட்டுகிறது. இலவச வாயிலின் உள்ளே இருப்பவனுக்கோ, சுட்டியை அழுத்தினால் அடுத்த கணமே பணம் கேட்கும் பலகை எழுகிறது. பணமில்லாதவன் பேஸ்புக்கையே இணையம் என்று எண்ணி வளர்வான். ஏழைக்கு ஓர் இணையம், உள்ளவனுக்கு ஓர் இணையம் என்ற பிரிவு, தருமத்தின் பெயரால் நிலைபெற்றுவிடும்.

மறுபக்கத்து வாதமும் இலேசானதன்று. ஒன்றுமே இல்லாதவனுக்குச் சிறிது கிடைப்பதை, வயிறு நிறைந்தவர்கள் கொள்கை பேசித் தடுக்கிறார்கள் என்று அன்று பலர் கேட்டனர். அது வெட்கப்பட வைக்கும் கேள்வி. ஆர். எஸ். சர்மா தலைமையிலிருந்த ஆணையம், 2016 பெப்ரவரி 8 ஆந் திகதி விடையளித்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக்கு வெவ்வேறு கட்டணம் அறவிடுவது தடை. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபா வீதம், 50 இலட்சம் ரூபா வரை தண்டம். பொது அவசர நிலையில் மாத்திரம் விலக்கு. மூன்று நாட்களுள் பேஸ்புக் தன் திட்டத்தை இந்தியாவில் முடித்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜியோ நிறுவனம் சந்தைக்கு வந்து, எந்தத் தளத்துக்கும் செல்லக்கூடிய தரவைச் சில மாதங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது; விலைகள் சரிந்தன; கோடிக்கணக்கானோர் முழு இணையத்துக்குள் நுழைந்தனர். இது ஆணையத்தின் விதியால் விளைந்ததன்று. பெரும் முதலாளி ஒருவரின் துணிவால் விளைந்தது. அத்துணிவின் விளைவாகப் பழைய கம்பனிகள் பல சாய்ந்து, சந்தை சிலர் கைக்குள் ஒடுங்கியதும் உண்மை. எனினும், பணமில்லாதவனுக்குக் குறைந்த இணையமே விதி என்ற வாதம் ஏழு மாதங்களிற் பொய்த்துப் போயிற்று. 2018 சூலையில் இந்திய அரசாங்கம், தடுத்தல், மெதுவாக்கல், முன்னுரிமை விற்றல் ஆகிய எல்லாவற்றையும் விலக்கும் பரந்த கொள்கையை ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் முகநூலுக்கென்றும், யூடியூபுக்கென்றும், வாட்ஸ்அப்புக்கென்றும் தனித்தனித் தரவுப் பொதிகள் விற்கப்படுவது நேயர்கள் அறிந்ததே. பொதுத் தரவு தீர்ந்த பின்பும் முகநூல் மட்டும் திறந்துகொண்டிருக்கும் கைத்தொலைபேசியை எத்தனையோ வீடுகளிற் காணலாம். செய்தியொன்று பொய் என்று நண்பர் சொன்னால், அதனைச் சரிபார்க்க வேறொரு தளத்துக்குப் போக அங்கே வழியில்லை. ஆனால் 2020 இற் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, சேவை நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை மாணவருக்கு இலவசமாகத் திறந்துவிட்டன. கடன்பட்டுத் தரவு வாங்க இயலாத எத்தனையோ பிள்ளைகள் அதனாற் படிப்பைத் தொடர்ந்தனர். கண்டிப்பான நடுநிலைமை இதையும் குற்றமென்று சொல்லுமா? சொல்லுமாயின், அந்தக் கண்டிப்பிற் பிழை இருக்கிறது. இலாபம் கருதாத, எல்லா நிறுவனங்களும் ஒருங்கு வழங்கும், காலவரையறையுள்ள இத்தகைய சலுகையை, அவசரகால விலக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைக்கலாம். கம்பனி தன் விருப்பத்தாற் கொடுத்து, தன் விருப்பத்தால் எடுத்துக்கொள்ளும் தானமாக அது இருத்தல் ஆகாது.

ஆகவே, அரசாங்கம் இணையச் சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்விக்கு, கட்டுப்படுத்தவே வேண்டும் என்பதே விடை. போட்டியே போதும், பிடிக்காதவர் வேறு நிறுவனத்துக்கு மாறட்டும் என்பவர், ஒரே ஒரு கோபுரம் தெரியும் கிராமத்தில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும். ஆனால் அரசாங்கம் வாயிற்காவலனாக வந்து நின்ற பின்னர், அந்தக் காவலனைக் கட்டுப்படுத்துபவர் யார்? தந்திச் சட்டத்திலே தனி வாயில் திறந்து வைத்துக்கொண்ட அதே அரசாங்கத்துக்கு, இணையத்தில் முழு வாயிலும் கைவசமாகிறது.

இது கற்பனையான அச்சமன்று. இலங்கையில் 2018 மார்ச்சில், கண்டி மாவட்டக் கலவரத்தின்போது, பேஸ்புக், வாட்ஸ்அப் முதலிய சமூகத் தளங்கள் ஒரு வாரமளவு அடைக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் அடைக்கப்பட்டன. அவ்விரு வேளைகளிலும் வதந்தி உயிரைக் குடிக்கும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதே வேளையில், தன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று அறியத் துடித்த தாய்க்கும் அந்தக் கதவே மூடிற்று. 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி நடந்ததோ வேறு வகை. எரிபொருளும் மின்சாரமும் இன்றித் தவித்த மக்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கூடவிருந்த நாளில், சமூகத் தளங்கள் நள்ளிரவுக்குப் பின் முடக்கப்பட்டன. கடும் எதிர்ப்பினால் அன்று பிற்பகலே திறக்கப்பட்டன. இதற்கு ஆணையிட்ட கை கம்பனியின் கையன்று. கம்பனிகள் ஆணைக்குப் பணிந்தன, அவ்வளவே. 1996 முதல் இலங்கையில் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, மக்களுக்காக நிறுவனங்களைக் கண்காணிக்க வேண்டிய அதே ஆணைக்குழு, அடைக்கும் ஆணை செல்லும் வழியாகவும் அமைந்தது.

இந்தியாவில் இம்முரண் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2019 ஓகஸ்ட் 5 ஆந் திகதி சம்மு காசுமீரில் இணையம் முற்றாகத் துண்டிக்கப்பட்டது. மாதங்கள் சென்று, 2020 சனவரியில் அது மெதுவான வேகத்தில் மீளத் தொடங்கியபோது, அரசாங்கம் பட்டியலிட்ட சில நூறு தளங்கள் மாத்திரமே திறந்தன. தெரிந்தெடுத்த தளங்கள் மட்டும் உள்ள வேலியிட்ட தோட்டம் கூடாது என்று 2016 இற் பேஸ்புக்குக்குச் சொன்ன நாட்டில், நான்கு ஆண்டுகளின் பின் அரசாங்கமே அப்படியொரு வேலியை நட்டது. கம்பனியின் பட்டியலாவது இலாபத்தை நோக்கி எழுதப்பட்டது. அதன் நோக்கத்தை ஊகிக்க முடிந்தது.

அந்தத் துண்டிப்புக்கு எதிராகப் பத்திரிகை ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 சனவரி 10 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துவது சட்டத்துக்கு ஒவ்வாது; நிறுத்தும் ஆணை ஒவ்வொன்றும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும்; அதனைப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்திற் கேள்விக்குட்படுத்த இயலவேண்டும் என்று நீதியரசர்கள் விதித்தனர். சேவையை உடனே மீட்டுக் கொடுக்குமாறு அவர்கள் கட்டளையிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், ஓர் ஆணை பதினைந்து நாட்களுக்கு மேற் செல்லாது என்று விதி திருத்தப்பட்டது. பதினாறாம் நாள் புதிய ஆணை பிறப்பிப்பதைத் தடுக்கும் சொல் அதில் எழுதப்படவில்லை. காசுமீரில் விரைவான இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பெப்ரவரியில். துண்டிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால், சரியாகப் பதினெட்டு மாதங்கள்.